அப்பா குரலில் ஒரு மன்னிப்பு

சிரிக்காதீங்க அக்கா, கண்டக்டர் திரும்பிப் பார்க்கிறார்.

ஆமாம், நான்தான். "உள்ள போ, உள்ள போ, படியில நிக்காத, ஏங்க கட்டம்போட்ட சட்டை, உங்களத்தான்" என்று சொன்னது அவர் இல்லை, நான். கட்டம் போடாத சட்டைக்காரர்கள்கூட நகர்ந்தார்கள், பார்த்தீங்களா? எனக்கு உங்கள் பக்கத்தில் ஜன்னல் சீட் கிடைத்துவிட்டது. பாவம் அவர், நாம் எப்போது சொன்னோம் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

நாங்கள் ராஜபாளையம் போகிறோம், எங்கள் ஊர். நீங்க தென்காசியா? நல்லதாய்ப் போயிற்று, கதை முடிவதற்குள் நீங்கள் இறங்கித் தப்பிக்க முடியாது. எங்கம்மா முன்னாடி இருக்கிறாள். டிரைவருக்குப் பின் சீட், பச்சைச் சேலை, மடியில் பை. இடது கையை முட்டை மாதிரிப் பொத்தி வைத்திருக்கிறாள் இல்லையா, அவள்தான். மாவுக்கட்டுப் பிரித்து ஒரு வாரம்தான் ஆகிறது. அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன், அது கதையில் சின்ன இடம். கதை என்னைப் பற்றியது. எனக்கு நடந்த அநியாயத்தைப் பற்றியது.

நான் யார் குரலில் வேண்டுமானாலும் பேசுவேன் அக்கா. எங்கள் ஹெட்மிஸ்டிரஸ் குரலில் மைக்கில் அரைநாள் லீவு விட்டிருக்கிறேன். மூன்று வகுப்பு பள்ளி வாசலுக்கே போய்விட்டது. போனில் வரும் பொம்பளை, "நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர் தற்போது வேறொரு அழைப்பில்", அதுவும் வரும். திருமங்கலத்தில் எங்கள் பெரியம்மா எதையுமே "நான் அன்னைக்கே சொன்னேன்" என்று ஆரம்பிப்பாள். நான் அவள் குரலில் அப்படி ஆரம்பித்தால் பெரியப்பா அடுத்த அறையிலிருந்து "சரி சரி" என்று தானாகச் சொல்லிவிடுவார், யார் பேசினார்கள் என்று பார்க்கவே மாட்டார்.

எங்கப்பாவுக்கு இதில் ரொம்பப் பெருமை. கல்யாண வீடு, காதுகுத்து, எங்கே போனாலும் "சுபிக்ஷா, உங்க சித்தப்பா மாதிரி பண்ணும்மா" என்று கூட்டத்தின் நடுவில் நிற்க வைத்துவிடுவார். ஆனால் அப்பாவை மட்டும் அப்போதெல்லாம் நான் செய்ததில்லை. செய்யாதே என்று யாரும் சொன்னதில்லை. செய்ததில்லை, அவ்வளவுதான்.

ஏனென்றால் அப்பா கஷ்டம் அக்கா. அவருக்கு இரண்டு குரல் உண்டு. டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறார். எங்கள் ஊரில் ஸ்டியரிங் பிடிக்கிற பொம்பளைகளில் பாதிப் பேருக்கு அவர்தான் வாத்தியார். மற்ற ஸ்கூலில் கத்துவார்களாம், இவர் கத்தவே மாட்டாராம். அதனால் கூட்டம். "மெதுவா… மெதுவா… கிளட்ச்சை விடுங்கம்மா… பரவால்ல, நின்னா என்ன, வண்டிதானே, மறுபடி எடுங்க." கேட்டீங்களா, நெய் ஒழுகுகிற மாதிரி. அது கார் குரல்.

வீட்டுக் குரல் வேறு. அதில் சத்தமே கிடையாது. அதுதான் கஷ்டம். ரொம்ப மெல்ல, பல்லுக்குப் பின்னாலிருந்து, "இவளே, இங்க வா." அம்மாவுக்கு முத்துச்செல்வி என்று அழகான பேர் இருக்கிறது. அப்பாவுக்கு அவள் இவளேதான். அம்மாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது, அது வேறு விஷயம். ஒரு தடவை கேட்டாள். "உனக்கெதுக்கு?" என்று அப்பா கேட்டார்.

எனக்கு இன்னொரு திறமையும் உண்டு. அப்பா சாயங்காலம் வந்து பைக் ஸ்டாண்டைப் போடுவார். ஒரே உதையில் ஸ்டாண்டு விழுந்தால் நல்ல நாள். இரண்டு உதை என்றால் நான் டிவியை நிறுத்தி, புத்தகத்தைத் திறந்து, ஹாலில் கிடக்கும் செருப்பை எல்லாம் நேராக்கி, அம்மாவுக்குச் சைகை காட்டிவிடுவேன். கதவு திறப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். ஏழு செகண்டு! எங்கள் வகுப்பில் வேறு யாருக்காவது வருமா, சொல்லுங்க.

மார்ச்சில், எனக்குப் பிளஸ் ஒன் பரீட்சை நடக்கும்போது, அம்மாவுக்கு ஒரு பல் ஆடிவிட்டது. "கதவு இடிச்சிருச்சு" என்று பக்கத்து வீட்டில் சொன்னாள். மறுநாள் பெரியம்மா வந்து, "நான் அன்னைக்கே சொன்னேன்" என்று சொல்லி, அவளைத் திருமங்கலத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். பரீட்சை இருந்ததால் நான் அப்பாவோடு. பதினொரு நாள். அப்பா தங்கம் அக்கா. தினமும் புரோட்டா. எனக்குப் பயமெல்லாம் ஒன்றுமில்லை. இரண்டு உதை விழுந்த நாளில் சைகை காட்டுவதற்கு ஆள் இல்லை, அது ஒன்றுதான் ஒரு மாதிரி இருந்தது.

அப்போதுதான் என் வாழ்க்கையிலேயே பெரிய வேலையைச் செய்தேன்.

பிசிக்ஸ் ரெக்கார்டின் கடைசிப் பக்கத்தில் வசனம் எழுதினேன். ஒருநாள் காலை அப்பா குளிக்கப் போனார். எனக்குச் சரியான ஜலதோஷம். எழுந்ததும் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, குரல் தொண்டை அடியில் பாறாங்கல் மாதிரிக் கிடந்தது. இதைவிட நல்ல நேரம் வராது. அப்பாவின் போனை எடுத்து அம்மாவுக்கு வாய்ஸ் மெசேஜ்.

"செல்வி… நான்தான். தப்பு எம்மேலதான். இனிமே கை ஓங்க மாட்டேன். பாப்பா… சரியா சாப்பிட மாட்டேங்கறா. வந்துரு."

எப்படி? புல்லரிக்குதா? வீட்டுக் குரலும் இல்லை, கார் குரலும் இல்லை. அப்பாவுக்கு இல்லாத மூன்றாவது குரல், நானே தைத்தது. நடுவில் ஒரு தடவை மூக்கை உறிஞ்சிவிட்டேன், அது ஜலதோஷம். "பாப்பா" என்றதும் குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றுவிட்டது. அப்படியே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மறுபடி தண்ணீர் விழுந்த பிறகுதான் "சரியா சாப்பிட மாட்டேங்கறா" என்று முடித்தேன். கேட்கிறவர்களுக்கு அழுகையை அடக்குகிற மாதிரி இருக்கும். அனுப்பிவிட்டு, அவர் போனிலிருந்து அழித்துவிட்டேன்.

மறுநாள் முதல் பஸ்ஸில் அம்மா வந்து இறங்கினாள்!

நான் குதித்த குதியில் கீழ் வீட்டுக்காரர் மேலே வந்துவிட்டார். அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "ஜலதோஷமா?" என்று கேட்டாள். சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள். தானாகத் திரும்பி வந்துவிட்டாள் என்று அப்பாவுக்குச் சந்தோஷம்.

ஐந்து நாள் நன்றாக இருந்தது. ஆறாவது நாள் ராத்திரிச் சாப்பாட்டில்… அதை விடுங்க. மாவுக்கட்டு. இந்தத் தடவை கதவு என்று சொல்ல முடியவில்லை, ஆஸ்பத்திரியில் நர்ஸ் உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டார். நானும் அம்மாவும் திருமங்கலம். அப்புறம் ஆலோசனை மையத்திலிருந்து கூப்பிட்டார்கள்.

இங்கேதான் ஹெலன் மேடம் வருகிறார். மனசைப் பற்றிப் படித்தவர், உளவியல். எதைச் சொன்னாலும் கடைசியில் "சரியா?" என்பார். "தண்ணி குடிக்கிறியா, சரியா? பயப்பட வேண்டாம், சரியா?" என்னைத் தனியாக உட்கார வைத்துப் பேசினார். நான் பைக் ஸ்டாண்டுத் திறமையைச் செய்து காட்டினேன், செருப்பை நேராக்குவதோடு. மேடம் சிரிக்கவில்லை.

"இது எப்பலேர்ந்து?"

"ஒண்ணாங்கிளாஸ்லேர்ந்து மேடம்."

"சின்ன வயசுலேர்ந்தே ஒவ்வொரு சத்தத்தையும் கவனிச்சுக் கவனிச்சுத்தான் உன் காது இவ்வளவு கூராயிருக்கு. நிம்மதியான வீட்டுல இவ்வளவு தேவைப்படாது, சரியா?"

"அப்ப அப்பா இல்லேன்னா எனக்கு இந்தத் திறமையே வந்திருக்காதுங்கறீங்களா மேடம்?" என்று கேட்டேன். எனக்கு அப்பா மேல் ஒரே நன்றியாகிவிட்டது. மேடம் பேனாவை மூடி, திறந்து, மறுபடி மூடினார்.

அப்புறம் எல்லாரையும் ஒன்றாக உட்கார வைத்தார். அப்பா இஸ்திரி போட்ட சட்டையில், கார் குரலில். "கோபம் வந்தா எனக்குக் கண்ணு தெரியாது மேடம். அது ஒரு வியாதி மாதிரி. மத்தபடி தங்கமா வச்சிருக்கேன்."

ஹெலன் மேடம் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். "எத்தனை வருஷமா டிரைவிங் சொல்லித் தர்றீங்க?"

"பதினாலு வருஷம்."

"கிளட்ச்சுக்குப் பதிலா பிரேக்கை மிதிக்கிறவங்க, சுவத்துல கொண்டு போய் மோதுறவங்க, எல்லாரும் வந்திருப்பாங்க."

"ஐயோ, ஏன் கேக்கறீங்க!" அப்பாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "ஒரு டீச்சரம்மா என் வண்டியைக் கால்வாய்ல இறக்கிட்டாங்க."

"அன்னைக்கு உங்களுக்குக் கண்ணு தெரியாமப் போச்சா, சரியா?"

அந்த "சரியா?" அந்த இடத்தில் பொருந்தவே இல்லை, எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. வேறு யாரும் சிரிக்கவில்லை. அப்பா தண்ணீர் குடித்தார். மேடம் விடவில்லை. "பதினாலு வருஷத்துல ஒரு லேடீஸ் மேலயும் கை படலை. அப்ப உங்களுக்குக் கோபத்தை அடக்கத் தெரியும். எங்க அடக்கணும், எங்க வேண்டாம்னும் தெரிஞ்சு வச்சிருக்கீங்க. இது வியாதி மாதிரி எனக்குத் தெரியலையே."

அப்போது பார்த்துப் பெரியம்மா எழுந்துவிட்டாள். "நான் அன்னைக்கே சொன்னேன்! அழுது மன்னிப்புக் கேட்டுக் கூப்பிட்டுட்டு, ஆறாம் நாள் கையை ஒடிச்சிட்டாரு மேடம். ஆதாரம் இருக்கு." அம்மாவின் போனை வாங்கி என் மெசேஜைப் போட்டாள்.

எனக்கு அவ்வளவு பெருமை!

அப்பா முகம் இருக்கிறதே… "இது நான் இல்ல!" என்கிறார். "என் நம்பர்தான். ஆனா நான் இல்ல. நான் எதுக்குங்க மன்னிப்புக் கேக்கணும்? நான் கேக்கவே இல்ல!" அடித்ததைக்கூட அந்த மனிதர் அவ்வளவு வேகமாய் மறுக்கவில்லை அக்கா. நான் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குகிறேன். எல்லாரும் என்னைப் பார்த்துவிட்டார்கள். மாட்டிக்கொண்டேன்.

மேடம் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்.

"எனக்குத் தெரியும் மேடம்" என்றாள் அம்மா.

தெரியுமாம்! என்னால் தாங்கவே முடியவில்லை. "எப்படிம்மா? எப்படித் தெரியும்? குரல் அச்சுதானே?"

"குரல் அவருதுதான்" என்றாள். "செல்வின்னு கூப்பிட்டுச்சே. அப்பவே தெரிஞ்சு போச்சு. தப்பு எம்மேலன்னு வேற."

கேட்டீங்களா அக்கா அநியாயத்தை? குரலில் குற்றமில்லை, வசனத்தில்தான் குற்றம்! "இவளே, வந்து தொலை" என்று எழுதியிருந்தால் நான் ஜெயித்திருப்பேன். இதைத்தான் அன்றிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஒருத்தரும் ஒத்துக்கொள்வதாய் இல்லை.

"தெரிஞ்சும் ஏம்மா திரும்பிப் போனீங்க?" என்று மேடம் கேட்டார்.

"கூப்பிட்டது இவ இல்லையா?"

மேடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பிறகு என்னிடம், "சுபிக்ஷா, அந்தக் கை ஒடிஞ்சது உன்னால இல்ல, சரியா?" என்றார். என்னால் என்று யார் சொன்னது? நான் கேட்டேனா? திடீரென்று அவராகச் சொல்கிறார். எனக்கு மூக்கில் என்னவோ ஏறி, ஒரு பாட்டில் தண்ணீரைக் குடித்தேன்.

அப்பா அதற்குள் கார் குரலுக்கு வந்துவிட்டார். "என் பொண்ணு மேடம், பெரிய ஆளா வருவா" என்று சிரித்தார். "அதை இன்னொரு தடவை போடுங்களேன்" என்றார். போட்டார்கள். "இன்னொரு தடவை." போட்டார்கள். தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்டார். எனக்குக் கிடைத்த ஒரே ரசிகர்.

இரண்டு வாரம் கழித்து அம்மா போனில் டிங் என்று ஒரு மெசேஜ். அப்பாவிடமிருந்து.

"செல்வி… நான்தான். தப்பு எம்மேலதான்…"

பெரியம்மா முந்தானையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பெரியப்பா, "மனுஷன் திருந்திட்டாரு, ஒரு வாய்ப்பு குடு தாயி" என்றார். பெரியம்மா அன்றைக்கே சொன்னதையெல்லாம் மறந்து அம்மாவின் துணிகளை மடித்துப் பையில் வைக்க ஆரம்பித்துவிட்டாள்.

அம்மா என்னை மாடிக்குக் கூப்பிட்டாள். "பாப்பா, இது நீயா?"

"சத்தியமா இல்லம்மா. அப்பாவேதான்."

அப்போது அவள் முகம் ஒரு மாதிரி மாறியது. ஒரு செகண்டுதான். அந்த முகத்தை நான் கல்யாண ஆல்பத்தில்தான் பார்த்திருக்கிறேன். செல்வி என்றதை மட்டும் மறுபடி போட்டுக் கேட்டாள். எனக்கும் வீட்டுக்குப் போகவேண்டும்தான் அக்கா. என் கட்டில், என் பள்ளிக்கூடம், எல்லாம் அங்கேதான். சும்மா இருந்தால் போதும், சாயங்காலமே போய்விடலாம்.

ஆனால் நான் இரண்டாம் தடவை கேட்கும்போதே கண்டுபிடித்துவிட்டேன். அப்பா நடுவில் மூக்கை உறிஞ்சுகிறார். அவருக்கு ஜலதோஷமே கிடையாது! "பாப்பா" என்றதும் நிறுத்துகிறார். எவ்வளவு நேரம் என்கிறீர்கள்? நான் குளியலறைத் தண்ணீருக்காக நின்ற அதே நேரம்! என் அப்பா என்னை மிமிக்ரி பண்ணுகிறார் அக்கா! எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. ஒன்றைப் பெரியம்மா போனுக்கு அனுப்பி, இரண்டு போனில் இரண்டு மெசேஜையும் ஒரே நேரத்தில் போட்டுக் காட்டினேன். செல்விக்குச் செல்வி, உறிஞ்சலுக்கு உறிஞ்சல், ரயில் தண்டவாளம் மாதிரி ஒன்றாகப் போயின.

அம்மாவும் சிரித்தாள். துணி காய்ந்துகொண்டிருந்த கொடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் அது சிரிப்பு இல்லை. எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல் ஹெட்மிஸ்டிரஸ் குரலில் "சைலன்ஸ்!" என்று சொல்லிப் பார்த்தேன். வேலைக்கு ஆகவில்லை.

அம்மா கீழே போய்ப் பையிலிருந்து துணிகளை எடுத்து மறுபடி அலமாரியில் வைத்தாள்.

இன்றைக்குப் பதினொரு மணிக்கு ஹெலன் மேடம் முன்னால் அப்பாவும் வருவார். அம்மா, "திரும்ப வரமாட்டேன், பாதுகாப்புக் கேட்டுக் கோர்ட்டுக்கு மனு போடறேன்" என்று தன் வாயால் சொல்லிக் கையெழுத்துப் போடவேண்டும். போனில் மேடம், "சத்தமா சொல்லிப் பழகுங்க, சரியா?" என்றாராம். பழகுவதற்கு எதிரில் ஆள் வேண்டுமே! நான்தான் இருக்கிறேனே. நேற்று மாடியில் நின்று, முதல் தடவையாக, வீட்டுக் குரலை எடுத்தேன். "இவளே. கெளம்பு."

அம்மா எழுந்து செருப்பைத் தேடினாள் அக்கா! ஒத்திகை என்று தெரியும், நான் என்று தெரியும், ஆனாலும் கால் தானாகப் போகிறது. மூன்று தடவை அப்படி. நான்காம் தடவை நின்ற இடத்திலேயே, "வரமாட்டேன்" என்றாள்.

உடனே நான் அப்பாவாக அடுத்த வசனம் பேசவேண்டும். வாயைத் திறந்தேன், ஒன்றுமே வரவில்லை. அதற்கு அப்பா என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் இதுவரை யாரும் அவரிடம் அப்படிச் சொன்னதில்லையே, நான் எங்கே கேட்டிருக்கப் போகிறேன்? பார்த்தால் நான் குனிந்து அம்மாவின் செருப்பை நேராக்கிக்கொண்டிருக்கிறேன். பயப்பட வேண்டியது அம்மா, அப்பாவாக இருந்தது நான். நான் எதற்குச் செருப்பை நேராக்க வேண்டும்? வேடிக்கைதான்.

ஐயோ, பஸ் ஸ்டாண்டே வந்துவிட்டது. அம்மா முன்படியில் இறங்கிவிட்டாள். நான் பின்னாடி… இருங்க அக்கா. அதோ பாருங்க, வெள்ளைக் கார், மேலே சிவப்பு எல் போர்டு. அப்பா! ஆலோசனை மையத்துக்குத்தானே வரணும், இங்கே எப்படி வந்தார்? எந்த பஸ் என்று பெரியப்பா சொல்லியிருப்பார்.

சிரிக்கிறார் பாருங்க. முன்கதவைத் திறந்து பிடிக்கிறார். அவர் பேசுவது இங்கே கேட்காவிட்டால் என்ன, நான் குரல் கொடுக்கிறேன். "வாங்க வாங்க… மெதுவா… மெதுவா ஏறுங்க…" அம்மா நிற்கிறாள். செருப்புக் கால் நகர்கிறதா? நகரவில்லை. அம்மா வாய் அசைகிறது. சொல்லிவிட்டாள்! சொல்லிவிட்டாள் அக்கா! மேடம் இல்லாமலே, நடு பஸ் ஸ்டாண்டில்! ஆட்டோப் பக்கம் நடக்கிறாள்.

இப்போது அப்பா என்ன பண்ணுவார்? கத்துவாரா? இத்தனை பேர் நடுவில் கத்த மாட்டார். கதவைப் பிடித்துக்கொண்டே நிற்கிறார். அண்ணாந்து பார்க்கிறார். ஒவ்வொரு ஜன்னலாக. என்னைத்தான் தேடுகிறார்.

பார்த்துவிட்டார்.

கேட்டதா? "பாப்பா! அம்மாவைக் கூப்பிடு! நீ கூப்பிட்டா வருவா!"

ஆமாம். நான் கூப்பிட்டால் வருவாள்.

கொஞ்சம் தள்ளுங்க அக்கா, தலையை வெளியே நீட்டிக்கொள்கிறேன்.

"மாட்டேன்ப்பா! கூப்பிட மாட்டேன்! அம்மா, நீ போ, நான் பின்னாடி வர்றேன்!"

அப்பாடா. பை எங்கே? இந்தப் பை என்னுடையது. வழி விடுங்க அக்கா, இறங்கணும். ஒன்றே ஒன்று கேட்கிறேன், இப்போது நான் கத்தினேனே, அது யார் மாதிரி இருந்தது? பெரியம்மா மாதிரியா? ஹெலன் மேடமா?

யார் மாதிரியும் இல்லையா?

ஐயையோ. அப்ப ரொம்ப மோசமா இருந்திருக்கும்.